எதைப் பேசுவது, எதை எழுதுவது: நர்ஸுக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். இல்லையென்றால் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஹவுஸ் சர்ஜனாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையனோ பெண்ணோ இருப்பார். யாரிடம் கேட்டாலும் மற்றவரைப் பற்றி ஒரு குறை வரும். "ராத்திரி முழுக்க ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் போன் அடிக்கிறாங்க" என்பார் டாக்டர். "நாலு தடவை கூப்பிட்டாதான் ஒரு தடவை வர்றாங்க" என்பார் நர்ஸ். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதைக் கேட்க ஆளில்லாமல் போகும்போதுதான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேஜையில் ஒரு புகாரும் டீன் மேஜையில் அதற்கு எதிர்ப் புகாரும் வந்து சேர்கின்றன.

வார்டில் எழும் உரசல்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். நோயாளிக்கு இந்த நிமிடம் என்ன செய்வது என்பதில் வரும் கருத்து வேறுபாடு ஒன்று. ஒருவர் இன்னொருவரிடம் பேசும் விதத்தால், நடந்துகொள்ளும் விதத்தால் வரும் மனத்தாங்கல் இன்னொன்று. சட்டமே குற்றம் என்று சொல்லும் செயல் மூன்றாவது. முதலாவதை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதைப் பேசிப் பார்த்து, தீராவிட்டால் எழுத வேண்டும். மூன்றாவதை எழுதியே ஆக வேண்டும். நம் மருத்துவமனைகளில் இந்த மூன்றும் குழம்பிக் கிடக்கின்றன. உடனே சொல்ல வேண்டியதை மனசுக்குள் வைத்திருந்து மறுநாள் புகாராக எழுதுகிறோம். எழுத வேண்டியதை "பேசித் தீர்த்துக்கலாம்" என்று அமுக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் விலை கொடுப்பவர் பெட்டில் படுத்திருக்கும் நோயாளி.

இரண்டு ஏணிகள்

தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பொது வார்டில் நோயாளிக்கு அருகில் இருப்பவர்கள் நைட் டியூட்டி நர்ஸும் ஹவுஸ் சர்ஜனும்தான். ஹவுஸ் சர்ஜன் என்பவர் படிப்பை முடித்து, ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். கையில் இருப்பது தற்காலிகப் பதிவு. மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று மாறிக்கொண்டே இருப்பார். இந்த வார்டுக்கு வந்து அவருக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் அதே வார்டில் பல வருடங்கள் இருந்திருப்பார். எந்த நோயாளி எப்போது கெடுவார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் மருந்தை எழுத வேண்டியவர் மூன்று வாரக்காரர், அவர் எழுதியதைப் போட வேண்டியவர் அனுபவக்காரர். உரசலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதில் யாருடைய குணக்கேடும் இல்லை, வேலை அப்படி அமைந்திருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். இருவரும் நிற்பது இரண்டு தனித்தனி ஏணிகளில். நர்ஸுக்கு மேலே வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், அவருக்கு மேலே நர்சிங் சூப்பரின்டென்டென்ட். ஹவுஸ் சர்ஜனுக்கு மேலே பிஜி எனப்படும் முதுகலை மாணவர், அசிஸ்டென்ட் புரொஃபசர், யூனிட் சீஃப். இரண்டு ஏணிகளும் சேரும் இடம் உறைவிட மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அறை அல்லது டீன் அறை. வார்டில் இரண்டு பேருக்குள் நடந்த சின்ன வாக்குவாதம் புகாரானால், அது இரண்டு ஏணிகளிலும் தனித்தனியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பெரிதாகி, உச்சியில் போய்த்தான் ஒன்றையொன்று சந்திக்கிறது. அதற்குள் அது "நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும்" இடையிலான விவகாரம் ஆகியிருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்பதே மறந்து, எந்தச் சங்கம் எந்தப் பக்கம் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

பயமும் இரண்டு பக்கமும் உண்டு. ஹவுஸ் சர்ஜனுக்கு, போஸ்டிங்கில் கையெழுத்துக் கிடைக்காமல் போகுமோ, பயிற்சியை நீட்டி எக்ஸ்டென்ஷன் போட்டுவிடுவார்களோ என்ற பயம். நிரந்தர நர்ஸுக்கு மெமோ, டிரான்ஸ்பர், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-ஏ, 17-பி நோட்டீஸ் பயம். ஒப்பந்த அடிப்படையில் வந்து, பணி நிரந்தரத்துக்காகக் காத்திருக்கும் நர்ஸுக்கு எல்லாவற்றுக்கும் பயம். பயந்தவர்கள் நேரே பேசுவதில்லை. சாடையாகப் பேசுவார்கள், அல்லது பேசாமலே இருந்துவிடுவார்கள்.

இந்தச் சாடைப் பேச்சை அமெரிக்க மனநல மருத்துவர் லெனார்ட் ஸ்டைன் 1967-இல் ஒரு கட்டுரையில் படம்பிடித்தார். டாக்டர்-நர்ஸ் விளையாட்டு என்று அதற்குப் பெயர் வைத்தார். நோயாளிக்கு என்ன தேவை என்று நர்ஸுக்குத் தெரியும், ஆனால் ஆலோசனை சொல்வதுபோலத் தெரியக் கூடாது. டாக்டருக்கு அந்த ஆலோசனை வேண்டும், ஆனால் கேட்பதுபோலத் தெரியக் கூடாது. இருவரும் வெளிப்படையாக முரண்படாமல் இருப்பதுதான் விளையாட்டின் முதல் விதி. 1990-இல் ஸ்டைனும் சகாக்களும் திரும்பிப் பார்த்தபோது, அமெரிக்க நர்ஸுகள் அந்த விளையாட்டை விட்டு விலகத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதினார்கள். நம் வார்டுகளில் "சார், நீங்க பார்த்துச் சொன்னா நல்லாயிருக்கும்" என்ற வாக்கியம் இன்னும் தினமும் கேட்கிறது. அதற்குள் "நோயாளி மோசமாகிறார், உடனே வாருங்கள்" என்ற செய்தி ஒளிந்திருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அதைத் தோண்டி எடுப்பார் என்று நம்ப முடியாது.

போனில் என்ன சொல்வது

ஒரு அழைப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். குடலில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை நடந்து இரண்டு நாளான ஒரு நோயாளி. வழக்கமாக நடப்பது இது:

"சார், பதினாலாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்கார், வந்து பாருங்க."

"என்ன பண்றார்?"

"டல்லா இருக்கார் சார்."

"சரி, வரேன்."

ஹவுஸ் சர்ஜன் அப்போது கேஷுவாலிட்டியில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். "டல்லா இருக்கார்" என்பதை வைத்து எழுந்து ஓடுவதா, அரை மணி கழித்துப் போவதா என்று அவரால் முடிவெடுக்க முடியாது. நர்ஸுக்கோ அவர் இப்போது வருகிறாரா, விடியற்காலையில் வருகிறாரா என்று தெரியாது. இருவருமே தங்கள் கடமையைச் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

அதே அழைப்பு இப்படி இருந்தால்:

"சார், நான் ஆண்கள் சர்ஜிகல் வார்டு நைட் டியூட்டி சிஸ்டர். பதினாலாம் பெட் பேஷன்ட்டுக்கு பி.பி. இறங்குது. 52 வயசு, பெர்ஃபொரேஷன் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். சாயங்காலம் பி.பி. 130/80 இருந்துச்சு, இப்ப 90/60. பல்ஸ் 124, ஜுரம் 102. நாலு மணி நேரத்துல யூரின் 40 எம்.எல். தான். எனக்கு செப்சிஸா இருக்குமோன்னு படுது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள ஃப்ளூயிட் ஆரம்பிக்கவா?"

"ரிங்கர் லாக்டேட் 500 வேகமா விடுங்க சிஸ்டர், ஆக்சிஜன் வைங்க. அஞ்சு நிமிஷத்துல வரேன். பிஜிக்கும் இப்பவே சொல்லிடறேன்."

"ஆர்.எல். 500 வேகமா, ஆக்சிஜன். சரி சார்."

இது அரை நிமிடப் பேச்சு. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று நான்கு படிகள் அதில் இருக்கின்றன. இந்த முறைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் கேப்டனுக்குத் தகவல் சொல்லும் வழக்கத்திலிருந்து எடுத்து, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் 2000-களின் தொடக்கத்தில் நர்ஸுக்கும் டாக்டருக்கும் இடையிலான பேச்சுக்காகத் தகவமைத்தார்கள். இன்று உலகெங்கும் கற்பிக்கிறார்கள், நம் ஊர் நர்சிங் வகுப்புகளிலும் உண்டு. வகுப்பில் படித்தது வார்டில் வாய்க்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

நான்கில் கடினமானது மூன்றாவது படி. "எனக்கு செப்சிஸா இருக்குமோன்னு படுது" என்று, உயிருக்கே ஆபத்தான தொற்றுநிலையின் பெயரைச் சொல்ல நர்ஸ் தயங்குவார். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை என்று பழக்கிவிட்டோம். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது எதிர்முனையில் இருப்பவர். "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று ஹவுஸ் சர்ஜன் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வரும். அதேபோல் "வரேன்" என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட வேண்டும். எத்தனை நிமிடத்தில் வருவேன், அதுவரை என்ன செய்ய வேண்டும், என்ன ஆனால் திரும்பக் கூப்பிட வேண்டும் என்ற மூன்றும் இருந்தால்தான் அது பதில். வர முடியாதென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். "நான் தியேட்டர்ல மாட்டிக்கிட்டேன், பிஜியைக் கூப்பிடுங்க" என்பதில் குறைவொன்றும் இல்லை.

கடைசியில் நர்ஸ் திருப்பிச் சொன்னாரே, அதுவும் முக்கியம். வாய்மொழியாகச் சொல்லும் ஆர்டர்கள் கூடியவரை வேண்டாம். அவசரத்தில் தவிர்க்க முடியாதபோது, கேட்டவர் திருப்பிச் சொல்ல, சொன்னவர் "ஆமாம்" என்று உறுதிப்படுத்த வேண்டும். வந்தவுடன் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிஃப்டீன் என்பதும் ஃபிஃப்டி என்பதும் போனில் ஒன்றுபோலவே கேட்கும்.

நம் நாட்டில் உள்ள இன்னொரு பொறி இன்சுலின். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ள மருந்தும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி மயங்கிப்போகப் போதுமான தவறு அது. ஆகவே, "இன்சுலின் 20 போடுங்க" என்றதும் "எந்த வயல் சார், எந்த சிரிஞ்ச்?" என்று நர்ஸ் கேட்டால், அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் டாக்டர், அடுத்த முறை அது கேட்கப்படாமல் போக வழி செய்கிறார்.

உடன்பாடு இல்லாதபோது

எழுதிய ஆர்டர் தவறு என்று நர்ஸுக்குத் தோன்றுகிறது, ஹவுஸ் சர்ஜன் பிடிவாதமாக இருக்கிறார் என்றால் என்ன செய்வது? அமெரிக்க அரசின் டீம்ஸ்டெப்ஸ் பயிற்சியில் இதற்கு மூன்று படி சொல்லித் தருகிறார்கள். நம் பேச்சில் அது இப்படி வரும். முதலில், "சார், எனக்கு இது கவலையா இருக்கு." கேட்கவில்லையா, "சார், இது எனக்குச் சரியாப் படலை." அதற்கும் அசையவில்லையா, "சார், இது பேஷன்ட்டோட பாதுகாப்பு விஷயம். நான் இதைப் போட மாட்டேன், பிஜிகிட்ட கேட்டுட்டுப் போடறேன்." மூன்றாவது படியைக் கேட்டதும் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

பிஜியைக் கூப்பிடுவதை ஹவுஸ் சர்ஜன் போட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கூப்பிட வேண்டும் என்கிறேன். அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டால் அது புகார் போலத்தான் தெரியும். தெரிந்து கூப்பிட்டால், சிகிச்சையின் ஒரு பகுதி.

பேசத் தெரியாததன் விலையை உலகத்துக்குக் காட்டிய சம்பவம் ஒன்று இங்கிலாந்தில் 2005-இல் நடந்தது. சைனஸுக்கான சாதாரண அறுவை சிகிச்சைக்கு ஓர் இளம் தாயை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாயை நுழைக்க முடியவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் மூவர் திரும்பத் திரும்ப அதையே முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்து வழியாகச் சுவாசம் கொடுக்க வேண்டிய கட்டம் அது. ஒரு நர்ஸ் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, இதோ இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டார். மருத்துவர்களின் காதில் எதுவும் ஏறவில்லை. அந்தப் பெண் மீளவில்லை, பல நாட்களுக்குப் பிறகு இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அறையில் இருந்த நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானத்தில் துணை விமானி கேப்டனை எப்படித் தடுத்து நிறுத்துவது என்று பயிற்சி உண்டு, மருத்துவமனையில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. 2007-இல் மருத்துவத்தில் மனித இயல்பு சார்ந்த காரணிகளை ஆராயும் குழு ஒன்றைத் தொடங்கி, பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் பேச்சு முறையையே மாற்ற உழைத்தார்.

மனத்தாங்கலைத் தீர்ப்பது

நோயாளியின் முன்னால் சத்தம் போடுவது, ஒருமையில் பேசுவது, அழைத்தால் போனைத் துண்டிப்பது, வேண்டுமென்றே ஆர்டரைத் தாமதப்படுத்துவது, ரத்தம் எடுப்பதும் ஐ.வி. லைன் போடுவதும் யார் வேலை என்ற இழுபறி. வார்டுப் புகார்களில் பெரும்பகுதி இவைதான். இவற்றுக்கு முதல் மருந்து, அன்றைய டியூட்டி முடிவதற்குள், வேறு யாரும் இல்லாத இடத்தில், இருவரும் நேருக்கு நேர் பேசுவது.

எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள், அதனால் என்ன ஆனது என்று சொல்லுங்கள், இனி என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "காலைல ரவுண்ட்ஸ்ல பேஷன்ட் முன்னாடி 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொன்னீங்க தம்பி. அப்புறம் அந்தம்மா நான் ஊசி போட வந்தா கையக் குடுக்க மாட்டேங்கிறாங்க. தப்பு இருந்தா ஓரமா கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்." இப்படிச் சொன்னால் பெரும்பாலான இளைஞர்கள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். மன்னிப்புக் கேட்காவிட்டாலும் அடுத்த நாள் திருந்தி நடப்பார்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை இதையே ஒரு முறையாக்கி வைத்திருக்கிறது. ஒரு மருத்துவரின் நடத்தை பற்றி முதல்முறை குறை வந்தால், பயிற்சி பெற்ற ஒரு சக மருத்துவர் அவரிடம் தனியாகச் சென்று, ஒரு கோப்பைக் காபிப் பேச்சாக, இப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். தீர்ப்பு கிடையாது, தண்டனை கிடையாது. தொடர்ந்து வந்தால் தரவுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவார்கள், அதற்கும் திருந்தாவிட்டால் தலைமை தலையிடும், கடைசியில்தான் ஒழுங்கு நடவடிக்கை. ஒருமுறை தெரியப்படுத்தினாலே பெரும்பாலோர் மாறிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

நம் மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். இருவர் பேசித் தீரவில்லையென்றால், ஏணிகளின் உச்சிவரை போவதற்கு முன், நடுப்படிகளில் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் அந்த யூனிட்டின் அசிஸ்டென்ட் புரொஃபசரும் ஒரே மேஜையில் அமர்ந்து இருவரையும் கேட்டால், பெரும்பாலான வழக்கு அங்கேயே முடியும். கேட்கும்போது முதல் கேள்வி "யார் தப்பு?" என்றிருக்கக் கூடாது. "எத்தனை மணி நேரமா டியூட்டில இருக்கீங்க? அன்னிக்கு ராத்திரி வார்டுல எத்தனை பேஷன்ட்?" என்று கேட்டுப் பாருங்கள். போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல். நம் வார்டுகளில் நடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். 24 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கும் ஹவுஸ் சர்ஜனும், வார்டு முழுவதையும் தனியாகப் பார்க்கும் நர்ஸும் எரிந்து விழுந்தால், அந்தப் புகாரில் ஆள் பற்றாக்குறையும் ஒரு எதிரிதான். அதை மேலே எழுதுவது விசாரிக்கும் அந்த இருவரின் கடமை.

எழுதுவதென்றால்

பேசியும் தீரவில்லை, திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்போது எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் எழுதத் தெரிந்து எழுத வேண்டும். "மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்" என்று எழுதினால், இல்லை என்று எதிர்த்தரப்பு எழுதும், விஷயம் முடிந்தது. தேதி, நேரம், எந்த வார்டு, எந்த பெட், சொன்ன வார்த்தைகள் சொன்னபடியே, கூட யார் இருந்தார்கள், நோயாளிக்கு என்ன ஆனது, அதற்கு முன் பேசிப் பார்த்தது எப்போது என்று எழுதுங்கள். "இரவு 2.10, 2.30, 2.55 மணிக்கு அழைத்தேன், 3.40-க்கு வந்தார்" என்ற ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்து அடைமொழிக்கு இல்லை. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கேஸ் ஷீட்டில் சண்டை போடாதீர்கள். அது நோயாளியின் ஆவணம், நாளை நீதிமன்றத்துக்கும் போகும். எத்தனை மணிக்கு யாருக்குத் தெரிவித்தீர்கள், என்ன சொன்னார்கள், என்ன செய்தீர்கள் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். "பலமுறை அழைத்தும் அலட்சியமாக இருந்தார்" என்பது புகாரில் விசாரிக்க வேண்டியது.

தவறு நேர்ந்தபோது எழுதும் சம்பவ அறிக்கையும் புகாரும் வேறு வேறு என்பதையும் நிர்வாகம் உணர வேண்டும். ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களாக இயங்கும் நர்ஸ் அணிகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. 1996-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன விளக்கம் இது: அந்த அணிகளில் தவறை மறைக்க வேண்டிய பயம் இல்லை, அதனால் வெளியே வந்தது. அறிக்கை எழுதியவருக்கே மெமோ வந்தால் அடுத்த அறிக்கை வராது. தவறு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

பழியைக் கடைசி ஆட்கள் மீது மட்டும் போடுவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2011-இல் ஓர் ஆறு வயதுச் சிறுவன் செப்சிஸால் இறந்தான். பயிற்சியில் இருந்த பெண் மருத்துவரையும் ஒரு நர்ஸையும் 2015-இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அன்று மருத்துவமனையின் கணினி அமைப்பு பல மணி நேரம் செயலிழந்திருந்தது, பொறுப்பு மருத்துவர் வேறு ஊரில் இருந்தார், ஆட்கள் குறைவு. 2018 ஜனவரியில் அந்த மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஒரு குழந்தையின் உயிர் போனதற்குப் பொறுப்பு யாருக்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைசிப் படியில் நின்ற இரண்டு பேரோடு விசாரணை நின்றுவிட்டால், மேலே இருக்கும் ஓட்டைகள் அப்படியே இருக்கும் என்கிறேன்.

பேசித் தீர்க்கக் கூடாதவை

பாலியல் தொல்லை, அடிதடி, சாதி சொல்லி இழிவுபடுத்துதல், டியூட்டியில் குடித்திருத்தல், கேஸ் ஷீட்டைத் திருத்துதல், ராகிங். இவற்றைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததும் "போனா போகுது, சின்னப் பையன்", "அவங்க சீனியர், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்பவர் தீங்குக்குத் துணை போகிறார்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் அலுவலர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், பயிற்சியில் இருப்பவர் எல்லோரும் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார்கள். ஆகவே பெண் ஹவுஸ் சர்ஜனும் ஒப்பந்த நர்ஸும் நர்சிங் மாணவியும் தயங்காமல் போகலாம். சமரசப் பேச்சு என்பது பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால்தான், அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமில்லை. பெயர் விவரங்களை வெளியிடுவது சட்டப்படி தவறு. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, டீனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அடிதடிக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவு செய்வதற்கும் காவல் நிலையம் இருக்கிறது, பின்னதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் புகார்க் குழுவின் உறுப்பினர்கள் யார், தொலைபேசி எண் என்ன என்று எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? தேவை வரும்வரை காத்திராமல் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஐந்து நிமிடம்

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் உள்ள எல்லோரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்குக் குறைந்தது. பட்டியலில் வேறு பல வரிகளும் உண்டு, எல்லாப் பெருமையும் அறிமுகத்துக்குப் போகாது. ஆனாலும் பெயர் தெரிந்தவரிடம் வாய் திறப்பது சுலபம் என்பதை அந்த வரியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதை வார்டுக்குக் கொண்டுவர அரசாணை எதுவும் தேவையில்லை. புதிய யூனிட்டில் கால் வைக்கும் முதல் நாள், ஹவுஸ் சர்ஜன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்த் தன் பெயரையும் போன் நம்பரையும் சொல்லட்டும். ராத்திரி எதற்கெல்லாம் கட்டாயம் கூப்பிட வேண்டும், எதற்குக் காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்கலாம் என்று இருவரும் பேசி, பி.பி., பல்ஸ், ஆக்சிஜன், யூரின் அளவுகளை ஒரு தாளில் எழுதி நர்ஸ் மேஜையில் ஒட்டட்டும். பிஜியைக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அவரும், கூப்பிடுவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிடுவேன் என்று சிஸ்டரும் சொல்லிக்கொள்ளட்டும். யூனிட் சீஃபும் இன்சார்ஜும் சேர்ந்து இதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கட்டாயமாக்கினால், ராத்திரி இரண்டு மணிப் போனில் இருக்கும் தயக்கம் பாதி போய்விடும். மிச்சம் எழும் உரசல்களை எங்கே தீர்ப்பது என்பதும், அவற்றில் எது புகாராக வேண்டும் என்பதும் இருவருக்கும் அப்போது தெளிவாகத் தெரிந்திருக்கும்.